குடிபெயர்தலும் குடியுரிமையும்

தமிழகத்தை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் நம்மை நோக்கி, "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று கேளாதவர் இல்லை. ஆலுவாவில் முப்பது ஆண்டுகள் குடியிருந்த பின்னும் தென்காசி என்றோ, கும்பகோணம் என்றோதான் நாம் விடை கூறுகின்றோம். கேட்டவரும் அதனை இயல்பாகவே ஏற்றுக்கொள்ளுகின்றார். பாலக்காட்டுக் கணவாய் வழியாகவோ செங்கோட்டை வழியாகவோ நாம் இங்கு வந்தபோது, நம்மிடம் எவரும் சத்தியப் பிரமாணம் கேட்கவில்லை. எந்தப் பத்திரத்திலும் கையொப்பமிடச் சொல்லவில்லை. நம் அரசியலமைப்பு வகுத்திருப்பது ஒரே குடியுரிமை. மாநிலத்திற்கொரு குடியுரிமை இங்கு இல்லை. ஆகவே, ஒரு நாட்டின் குடியாகப் பிறந்தவர் மற்றொரு நாட்டின் குடியாவது எத்தகைய செயல் என்று எண்ணிப் பார்க்கும் தேவையே நமக்கு நேருவதில்லை.

இவ்வகையில் உலகோர் முதலில் நினைப்பது அமெரிக்காவைத்தான். அங்கே குடியேறிய ஒருவர் பொதுவாக ஐந்தாண்டுகள் நிலையாக வாழ்ந்திருக்க வேண்டும். ஆங்கிலம் அறிந்திருக்க வேண்டும். அந்நாட்டு வரலாறு, ஆட்சிமுறை ஆகியவற்றைப் பற்றிய வினாக்களுக்கு விடை சொல்ல வேண்டும். இறுதியில் வலக்கையை உயர்த்தி ஓர் உறுதிமொழி கூற வேண்டும். அவ்வுறுதிமொழியின் தொடக்கமே, இதுகாறும் தாம் கட்டுப்பட்டிருந்த அயல்நாட்டு மன்னர்க்கும் அரசுக்கும் உரிய பற்றுறுதியை முற்றிலும் துறக்கின்றேன் என்பதாகும். புதிய வீட்டிற்குள் நுழையுமுன் பழைய வீட்டின் பெயரை வாய்விட்டுச் சொல்லித் துறக்க வேண்டும் என்பது அந்நாட்டு வழக்கம்.

இந்தியருக்கு அந்த வாயிலே நெடுங்காலம் அடைபட்டிருந்தது. வெள்ளை நிறத்தவருக்கே குடியுரிமை என்று 1790ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. இந்தியர் அவ்வகையில் அடங்கார் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1923இல் பகத் சிங் திண்ட் என்பவரின் வழக்கில் தீர்ப்பளித்தது. முன்னரே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் சிலரும் அதனை இழந்தனர். 1946இல் லூஸ்-செல்லர் சட்டம் வந்த பிறகே கதவு சிறிது திறந்தது. ஆண்டுக்கு 100 இந்தியர் குடியேறலாம் என்பதே அச்சட்டம் காட்டிய தாராளம்!

அந்தச் சிறு வாயில் வழியாகச் சென்றவர்களில் தமிழர் ஒருவர் உண்டு. வானியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகரே அவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930இல் கேம்பிரிட்ஜ் சென்று, 1937 முதல் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள யெர்க்கீஸ் வானாய்வு நிலையத்தில் பணியாற்றியவர். அவரும் மனைவி லலிதாவும் 1953இல் அமெரிக்கக் குடிகளாயினர். பதினாறு ஆண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்த பின்னரே அவர்கள் அம்முடிவிற்கு வந்தனர் என்பதைக் கருத வேண்டும். சென்னையிலிருந்த தந்தையார் சுப்பிரமணிய ஐயர் அச்செய்தி கேட்டுப் பெரிதும் மனம் நொந்தார். மகன் அயல்நாட்டில் வேலை பார்ப்பதை ஏற்றுக்கொண்ட தந்தைக்கு, மகன் அயல்நாட்டின் குடியானதை ஏற்றுக்கொள்ள இயலவில்லை. வேலை வேறு, குடி வேறு என்ற இந்த வேறுபாடு நம் குடும்பங்கள் அனைத்திற்கும் விளங்கக் கூடியதே. பின்னர் 1968இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருதளித்துப் பெருமைப்படுத்தியது. 1983இல் நோபல் பரிசு கிடைத்தபோது, சட்டப்படி அவர் அமெரிக்கர். நம் ஊர்ப் பேச்சில் தமிழர்.

நேயர்களே, ஓர் அறிஞரின் வாழ்வில் நிகழ்ந்த இதே செயல் ஓர் ஊர் முழுவதற்கும் நிகழ்ந்ததுண்டு. அதனைக் காண ஆலுவாவிலிருந்து மட்டாஞ்சேரி வரை சென்றாற் போதும். மிளகு, இஞ்சிக் கிடங்குகளின் மணம் வீசும் அத்தெருவிற்கு யூதத் தெரு என்று பெயர். அரண்மனைக்கு அடுத்தாற்போல் 1568இல் எழுந்த பரதேசி யூதர் பள்ளி இன்றும் நிற்கின்றது. பரதேசி என்ற சொல் நம் காதில் இரவலரைக் குறிப்பதாக விழும். இங்கு அது பிறதேசத்திலிருந்து வந்தவர் என்ற நேர்பொருளிலேயே வழங்குகின்றது. பரதேசிகளுக்கு முன்பே வந்து மலையாள நாட்டில் வேரூன்றியிருந்த யூதர்களும் உண்டு. எண்ணிக்கையில் அவர்களே மிகுதி. மட்டாஞ்சேரி, எர்ணாகுளம், பறவூர், சேந்தமங்கலம், மாளை ஆகிய ஊர்களில் எட்டுத் தொழுகைக் கூடங்கள் இருந்தன.

இவர்கள் இம்மண்ணின் குடிகளான வரலாற்றில் தமிழருக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஏறத்தாழ கி.பி. 1000ஆம் ஆண்டில் சேர மன்னன் பாஸ்கர ரவி, யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்குச் செப்பேடு ஒன்று அளித்தான். அது வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. அதன் மொழியைக் கேரள அறிஞர் பழமலையாளம் என்பர். தமிழறிஞர் மலைநாட்டுத் தமிழ் என்பர். பகல் விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை, பறை, ஊதுகொம்பு, தோரணம் முதலான 72 சிறப்புரிமைகளை அச்செப்பேடு வழங்குகின்றது. உல்கும் துலாக்கூலியும் அவர் கட்ட வேண்டுவதில்லை. அவ்வுரிமைகள் ரப்பானின் புதல்வர்க்கும் புதல்வியர்க்கும் மருமக்களுக்கும், நிலமும் நிலவும் உள்ளளவும் உரியன. மன்னன் வழங்கியவை இத்துணை இருக்க, யோசேப்பு ரப்பான் எதனையும் துறக்க வேண்டும் என்று செப்பேட்டில் ஒரு சொல்லும் இல்லை. வந்தவர் தம் மறையையும் தம் நாட்காட்டியையும் வைத்துக்கொண்டே இந்நாட்டின் குடியானார். அதற்குப் பின் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் அவர்கள் மலையாளமே பேசினர். மகளிர் மலையாளத்திலேயே தங்கள் சமயப் பாடல்களையும் கலியாணப் பாடல்களையும் குறிப்பேடுகளில் எழுதிவைத்துப் பாடினர்.

1948இல் இஸ்ரேல் என்ற நாடு தோன்றியது. உலகின் எப்பகுதியிலிருந்தும் யூதர் அங்கு வந்து குடியேறலாம் என்று 1950இல் அந்நாடு சட்டம் இயற்றியது. வந்தவர்க்கு வந்த அளவிலேயே குடியுரிமை உண்டு என்று 1952ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்தது. கொச்சி நாட்டு யூதர் அப்போது ஏறத்தாழ 2,500 பேர். அவர்களை இங்கிருந்து எவரும் விரட்டவில்லை. எருசலேம் திரும்ப வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக வேண்டி வந்தவர்கள் அவர்கள். அவ்வேண்டுதல் நிறைவேறும் காலம் வந்துவிட்டது என்று நம்பினர். வாணிகம் தேய்ந்து வறுமை புகுந்த வீடுகளும் அவர்களிடையே பல இருந்தன.

ஆனால் வேண்டுதலுக்கும் விமானத்திற்கும் இடையே எதிர்பாராத ஒரு தடை நின்றது. அது யானைக்கால் நோய். கொச்சிப் பகுதியில் பரவியிருந்த அந்நோய் தங்கள் நாட்டிலும் பரவுமோ என்று இஸ்ரேல் சுகாதார அதிகாரிகள் அஞ்சினர். அந்நோய்க்குரிய நுண்புழு பகலில் உடலின் உட்பகுதியில் ஒடுங்கியிருந்து, இரவில்தான் தோலையடுத்த இரத்தத்தில் உலவும். ஆகவே அதற்கான இரத்தப் பரிசோதனை நள்ளிரவை ஒட்டியே செய்யப்படும். அமெரிக்கா உறுதிமொழி கேட்டது. இஸ்ரேல் கொச்சியாரிடம் இரத்தத்தைக் கேட்டது என்று சொல்லலாம். அதற்குள் வீட்டையும் பண்டங்களையும் விற்றுவிட்டுப் பயணத்திற்கு ஆயத்தமாகியிருந்த குடும்பங்கள் பல. புறப்படவும் இயலாமல், பழைய வாழ்விற்குத் திரும்பவும் இயலாமல் அவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். விற்ற பணம் கையில் கரைந்தது. இரு நாடுகளுக்கு இடையே நின்ற இந்தக் காத்திருப்பையே அவர்கள் பட்ட துயரங்களில் பெரிதென்று நாம் கருதுகின்றோம்.

அவர்களுக்காக வாதாடியவர் ஆபிரகாம் பராக் சேலம் என்னும் வழக்கறிஞர். தொழுகைக் கூடத்தினுள்ளேயே நிலவிய உயர்வு தாழ்வை எதிர்த்து அறப்போர் நடத்தி, யூதர்களின் காந்தி என்று பெயர் பெற்றவர். 1953இல் இஸ்ரேலுக்கே நேரிற் சென்று கொச்சி மக்களுக்காகப் பேசினார். தடை நீங்கியது. 1954, 1955ஆம் ஆண்டுகளில் ஊர் ஊராகப் பம்பாய் வழியே விமானம் ஏறினர். மாளை யூதர் புறப்படும் முன் தங்கள் தொழுகைக் கூடத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் ஊர்ப் பஞ்சாயத்தின் பொறுப்பில் ஒப்படைத்துச் சென்றனர். மூதாதையரை எடுத்துச் செல்ல இயலாதன்றோ! அனைவரையும் அனுப்பி வைத்த சேலமோ தாம் போகவில்லை. மட்டாஞ்சேரியிலேயே வாழ்ந்து 1967இல் மறைந்தார்.

போனவர்கள் கண்டது தாங்கள் கனவு கண்ட எருசலேம் அன்று. தெற்கே நெகேவ் பாலைநிலத்தில் நெவாட்டிம், எருசலேம் செல்லும் வழியில் மெசிலத் சியோன், வட எல்லையில் க்ஃபார் யுவால் போன்ற உழவர் குடியிருப்புகளில் அவர்கள் அமர்த்தப்பட்டனர். ஆறும் காயலும் தென்னையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மணலும் கல்லும் வாய்த்தன. கடைத்தெருவில் முட்டையும் மீனும் பலசரக்கும் விற்றவர்கள் மண்வெட்டி பிடித்தனர். பின்னாளில் கண்ணாடிக் கூடங்களில் மலர் வளர்த்து ஐரோப்பாவிற்கு அனுப்பும் அளவிற்கு அவர்களிற் சிலர் உயர்ந்தனர்.

ரூபி டேனியல் என்ற அம்மையார் அவ்வனுபவத்தைத் தாமே எழுதிவைத்தார். 1912இல் மட்டாஞ்சேரியில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையின் மகளிர் பிரிவில் பணியாற்றியவர். 1951இலேயே இஸ்ரேல் சென்று, வடக்கே நெயோத் மொர்தெகாய் என்ற கூட்டுறவுப் பண்ணையில் வாழ்ந்தார். சமய ஒழுக்கம் வழுவாத யூதத் தெருவில் வளர்ந்த அவர், சமயச் சடங்குகளைப் பொருட்படுத்தாத ஐரோப்பிய யூதரிடையே வாழ நேர்ந்தது. யூத நாட்டிற்குச் சென்று யூத ஒழுக்கத்தைக் காப்பதற்குப் பாடுபட வேண்டியதாயிற்று என்பது வியப்பிற்குரியது. கொச்சியில் அவரை யூதர் என்றனர். அங்கே கொச்சிக்காரர் என்றனர். அவர் தம் வாழ்க்கைக் கதையை 1995இல் நூலாக வெளியிட்டார்; மகளிரின் மலையாளப் பாடல்களையும் மொழிபெயர்த்துக் காத்தார். 2002இல் மறைந்தார்.

சட்டத்தின் போக்கிலும் ஒரு விந்தை உண்டு. திரும்பி வந்தவர் என்று ஏற்கப்பட்ட யூதரிடம், பழைய குடியுரிமையைத் துறக்குமாறு இஸ்ரேல் சட்டம் கேட்கவில்லை. ஆனால் தாமாக விரும்பி வேறொரு நாட்டின் குடியாகும் இந்தியர், இந்தியக் குடியுரிமையை இழப்பர் என்று நம் நாட்டின் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், 9ஆம் பிரிவில் கூறுகின்றது. புகுந்த வீடு கேளாத துறவைப் பிறந்த வீடு செய்து முடித்தது. அயல்நாட்டுக் குடிகளான இந்திய வழியினர் 2005 முதல் கடல்கடந்த இந்தியர் அட்டை பெறலாம். நுழைவு அனுமதியின்றி வந்து போகலாம். ஆனால் வாக்குரிமை அவ்வட்டைக்கு இல்லை.

பரதேசி யூதர் பிந்தியே புறப்பட்டனர். 1968இல் அவர்கள் பள்ளியின் 400ஆம் ஆண்டு விழாவிற்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்திருந்தார். அதன் பின் ஆண்டுதோறும் வீடுகள் அடைபட்டன. தையல் வேலைப்பாட்டிற்குப் பெயர் பெற்ற சாரா கோஹன் அம்மையார் 2019இல் மறைந்தார். அத்தெருவில் இன்று வாழும் யூதரை விரல்விட்டு எண்ணலாம். மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் தொழுகைக் கூடத்தின் உட்புறம் கழற்றி எடுத்துச் செல்லப்பட்டு, எருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் பொருத்தப்பட்டுள்ளது. மக்களைத் தொடர்ந்து மரமும் குடிபெயர்ந்தது.

விருப்பத்தின் பேரில் குடிமாறியவரைப் பற்றியே இதுவரை கூறினோம். கேளாமலே குடியற்றவரானோரும் நம்மவரில் உண்டு. இலங்கை மலையகத் தமிழரை 1948ஆம் ஆண்டுச் சட்டம் எந்த நாட்டிற்கும் உரியரல்லாதவராக்கியது. 1964இல் சாஸ்திரி, சிறிமாவோ பண்டாரநாயக்கா ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. அவ்வாறு வந்தவர்களுள் ஒரு பகுதியினர் இன்று கேரளத்தின் புனலூரை அடுத்த இரப்பர்த் தோட்டங்களில் நம் அயலாராக வாழ்கின்றனர்.

இவற்றை நோக்க, நம்மிடம் கேட்கப்படுவது மிகச் சிறிது. ஆலுவாவிலும் களமசேரியிலும் உத்தியோகமண்டலிலும் தொழில் செய்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி வாழும் நம்மவர் பலரின் பெயர் இன்னும் பிறந்த ஊரின் வாக்காளர் பட்டியலிலேயே இருக்கின்றது. தேர்தல் நாளன்று ஊருக்குப் போக முடிவதில்லை. இங்கே பெயர் இல்லை. குடிநீருக்கும் சாலைக்கும் இங்குள்ள நகராட்சியை நம்பி வாழும் நாம், அந்நகராட்சியைத் தேர்ந்தெடுப்பதில் பங்கு கொள்ளாமல் ஒதுங்கியிருக்கின்றோம். ஒருவர் எங்கே வழக்கமாகக் குடியிருக்கின்றாரோ அங்கேதான் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். சட்டமன்றத்திற்கும் நாடாளுமன்றத்திற்கும் இடம் மாறிப் பதிவு செய்ய 8ஆம் எண் படிவம் போதும். நகராட்சித் தேர்தலுக்கு மாநிலத் தேர்தல் ஆணையம் தனிப் பட்டியல் வைத்திருக்கின்றது, அதிலும் பெயர் சேர்த்துக்கொள்ள வேண்டும். உறுதிமொழி இல்லை, இரத்தப் பரிசோதனை இல்லை. ஆனால் ஒருவருக்கு இரண்டு தொகுதிகளில் பெயர் இருத்தல் ஆகாது. இங்கே எழுதப்படும்போது அங்கே நீக்கப்படும். நம்மவர் படிவத்தைக் கையில் வாங்கிய பின்னும் தயங்கி நிற்பது அந்த ஓரிடத்தில்தான்.