நாயின் பின்புறத் தினவு: காரணம் காணும் வழி

முற்றத்து மணலிலே வீட்டு நாய் குந்தியிருந்து, பின்னங்கால்களை முன்னே நீட்டியபடி இழுபட்டுச் செல்லும் காட்சியை யாழ்ப்பாணக் குடாநாட்டில் காணாதார் இலர். சிறுவர் அதனைக் கண்டு கைகொட்டிச் சிரிப்பர். பெரியோர், "வயிற்றிலே புழு, பூச்சிமருந்து கொடுக்கவேண்டும்" என்று கூறி அப்பாற் செல்வர். பின்புறத்திலே தாங்கமுடியாத தினவோ, எரிவோ, நோவோ உண்டாகும்போதே நாய் அவ்வாறு தேய்க்கின்றது. சிலவேளைகளில் அதற்குக் காரணம் புழுவாகவும் இருக்கலாம். ஆயினும் புழு ஒன்றே காரணம் என்று துணிவது, பல நாய்களை மாதக்கணக்கில் வீணே வருந்தச் செய்கின்றது.

திருக்குறளிலே மருந்து என்னும் அதிகாரம், நோயையும் அதன் முதற்காரணத்தையும் ஆராய்ந்த பின்பே தணிக்கும் வழியை நாடவேண்டும் என்று வற்புறுத்துகின்றது. மனிதருக்குச் சொல்லப்பட்ட அந்த முறை, தன் நோயைச் சொல்ல வாயற்ற பிராணிக்கு இன்னும் பொருத்தமானது. பின்புறத் தினவுக்குப் பெரும்பாலும் காரணமாவன ஐந்து. அவற்றை ஒவ்வொன்றாக நோக்கலாம்.

முதலாவது, நாடாப்புழு. நாயின் குடலில் வாழும் நாடாப்புழுக்களுள் ஒன்று அரை மீற்றர் நீளம் வரை வளர்வது. அதன் உடல் பல கண்டங்களால் ஆனது. முற்றிய கண்டங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று மலவாய் வழியே வெளிவரும். வெளிவந்த கண்டம் சிறிதுநேரம் தானாகவே நெளியும். அந்த நெளிவே தினவை உண்டாக்குகின்றது. காய்ந்தபின் அது வால்மயிரிலும், நாய் படுக்கும் சாக்கிலும் அரிசிமணி போலவோ வெள்ளரி விதை போலவோ ஒட்டிக் கிடக்கும். இதனைக் கண்ணாற் கண்டவர் காரணத்தை ஏறக்குறையக் கண்டவரே ஆவர்.

இந்தப் புழு நாயை எவ்வாறு அடைகின்றது? கண்டங்களிலிருந்து சிதறும் முட்டைகளைத் தெள்ளின் குடம்பிகள் தின்கின்றன. குடம்பி வளர்ந்து தெள்ளாகி நாயின் உடலில் ஏறுகின்றது. கடி பொறுக்காத நாய் தன் உடலைத் தானே கடிக்கையில் அந்தத் தெள்ளை விழுங்கிவிடுகின்றது. விழுங்கிய இரண்டு மூன்று கிழமைகளில் குடலிலே புதிய நாடாப்புழு முற்றிவிடும். 1869ஆம் ஆண்டில் இப்புழுவின் இளம்பருவம் முதன்முதலாக நாய்ப்பேனில் கண்டறியப்பட்டது. பின்னர் அதனைப் பெரிதும் சுமப்பது தெள்ளே என்பது புலனாயிற்று. ஆகவே புழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்துத் தெள்ளை விட்டுவைப்பவரின் நாய் அடுத்த மாதமும் மணலில் இழுபடும். அன்றியும், கடைகளில் வாங்கும் பூச்சிமருந்துகளுட் சில உருளைப்புழுவையும் கொழுக்கிப்புழுவையும் மட்டுமே கொல்வன. அவை இந்த நாடாப்புழுவைத் தொடா. இதற்குப் பிரசிகுவான்டெல் போன்ற தனி மருந்து வேண்டும். நாயின் நிறையை அறிந்தே அதன் அளவு தீர்மானிக்கப்படும்.

இரண்டாவது காரணம், தெள்ளுக்கடியினால் வரும் ஒவ்வாமை. சில நாய்களின் உடல் தெள்ளின் உமிழ்நீரைச் சற்றும் பொறுப்பதில்லை. ஒருசில கடிகளே போதும். வாலின் அடி, இடுப்பின் மேற்புறம், தொடையின் உட்புறம் ஆகிய இடங்களில் மயிர் உதிர்ந்து, தோல் சிவந்து, புண்ணாகும். இத்தகைய நாய் நிலத்தில் தேய்ப்பதிலும் பார்க்க, திரும்பித் திரும்பி வாலடியைக் கடிப்பதிலேயே பொழுதைக் கழிக்கும். தெள்ளு கண்ணுக்குப் படாதிருக்கலாம். மயிரை வகிர்ந்து பார்த்தால் மிளகுத்தூள் போன்ற கறுப்புத் துகள்கள் தென்படும். அவற்றை நனைத்த வெள்ளைக் கடதாசியிலே தேய்த்தால் செந்நிறம் பரவும். அது தெள்ளின் எச்சம். அந்தச் செம்மை நாயின் இரத்தமே.

ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு நாற்பது முட்டைகள் வரை இடவல்லது. அவை நாயின் உடலில் தங்குவதில்லை. விறகுக் கொட்டில், திண்ணையின் கீழ், வேலியோரத்து நிழல், பழஞ்சாக்கு ஆகிய இடங்களிலே உதிர்ந்து பொரிக்கின்றன. கடும் வெயில் குடம்பிகளைக் கொல்லும். ஈரமும் நிழலும் அவற்றைப் பேணும். எனவே மாரி தொடங்கும் காலத்தில் விழிப்பு மிகுதியாக வேண்டும். கூட்டுப்புழுப் பருவத்துத் தெள்ளு, நடமாட்டத்தின் அதிர்வு கேட்கும்வரை மாதக்கணக்கிலும் காத்திருக்கும். கொழும்பிலோ வெளிநாட்டிலோ வாழ்வோர் பூட்டிவைத்த வீட்டைத் திறந்து உட்புகும் நாளிலே தெள்ளு ஒருங்கே பாய்வது இதனாலேதான். நாய்க்கு மருந்திடும் நாளிலேயே அது படுக்கும் சாக்கைக் கொதிநீரில் அவித்து வெயிலில் உலர்த்துவதும், படுக்குமிடத்தைக் கூட்டிப் பெருக்கி வெளிச்சம் விழச் செய்வதும் மருந்தின் பாதியாகும்.

மூன்றாவது காரணத்தைப் பலர் அறியார். நாயின் மலவாய்க்குச் சற்றுக் கீழே, இருபுறமும், தோலின் உட்புறத்தில் இரண்டு சிறு பைகள் உள்ளன. மலவாயை மணிக்கூட்டின் முகமாகக் கொண்டால் அவற்றின் இடம் நான்கு மணியும் எட்டு மணியும் ஆகும். கடும் நாற்றமுள்ள நீர்மம் ஒன்று அவற்றிலே சுரக்கின்றது. நாய்கள் ஒன்றையொன்று மோந்து அறிவதற்கு அந்நாற்றமும் உதவுகின்றது. மலம் இறுகிச் செல்லும்போது பைகள் அமுங்கி வெறுமையாகும். நெடுநாள் இளகிப்போன மலமோ, மிகுந்த கொழுப்போ, அழற்சியோ இருந்தால் நீர்மம் வெளியேறாமல் தடித்து அடைபடும். அப்போது நாய் தேய்க்கும். மலவாயை இடையறாது நக்கும். அழுகிய மீன் போன்ற நாற்றம் வீசும். கவனியாது விட்டால் சீழ்க்கட்டு உண்டாகி, ஒருபுறம் வீங்கிச் சிவந்து, உடைந்து வடியும். பொமரேனியன் போன்ற சிறுசாதி நாய்களில் இது அடிக்கடி நிகழ்வது. இப்பைகளை அமுக்கி வெறுமையாக்குவது மிருக வைத்தியரின் கைவேலை. பழக்கமில்லாதவர் அழுத்தினால் பை உள்ளே உடைந்துவிடக்கூடும். நோயில்லாத நாய்க்கு வழக்கமாக இதனைச் செய்வதும் வேண்டாத வேலை.

நான்காவது, உணவு. சில நாய்களுக்கு ஒரு குறிப்பிட்ட புரதம் ஒவ்வாது. அது கோழியாகவோ, மாட்டிறைச்சியாகவோ, பாலாகவோ, முட்டையாகவோ இருக்கலாம். பாதம், காது, மலவாய் ஆகிய மூன்று இடங்களிலும் ஆண்டு முழுவதும் தினவு இருக்குமாயின் உணவை ஐயுறுதல் தகும். அந்நாய் முன்னொருபோதும் உண்டிராத உணவை மட்டும் எட்டுக் கிழமை வரை கொடுத்துப் பார்ப்பதே இதனை அறியும் வழி. இடையிலே ஒரு துண்டு மிச்சக் கறி விழுந்தாலும் சோதனை பழுதாகிவிடும். வயிற்றோட்டத்தின் பின் நீண்ட மயிரிலே மலம் காய்ந்து ஒட்டி, அடியிலுள்ள தோலை அவிக்கும் நிலையும் இத்தோடு சேர்ந்தது. மயிரை வெட்டி இளஞ்சூட்டு நீரால் கழுவினால் அத்தொல்லை பெரும்பாலும் தீரும்.

ஐந்தாவது, புண்ணும் கட்டியும். வாலடியிலே சிறு காயம் இருந்தால் ஈ முட்டையிட, ஒரு நாளிலேயே புழு நெளியத் தொடங்கும். இது குடற்புழு அன்று. தசையைத் தின்னும் புழு. இங்கே காலந்தாழ்த்தல் ஆகாது. விதை நீக்கப்படாத முதிய ஆண் நாய்களில் மலவாயைச் சுற்றிக் கட்டிகள் தோன்றுவதுண்டு. அவற்றையும் வைத்தியர் பார்த்தே முடிவு கூறவேண்டும்.

காரணம் அறியாத நிலையிலே சிலர் கையாளும் வைத்தியம் நோயினும் கொடியது. மண்ணெண்ணெயும், வாகனத்தின் கழிவெண்ணெயும், வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் தெளிக்கும் பூச்சிநஞ்சும் நாயின்மேல் ஊற்றப்படுவது உண்டு. தோலை வேகவைப்பதோடு, நாய் நக்கும்போது அவை உள்ளே சென்று நஞ்சாகின்றன. தெள்ளைக் கொல்ல எண்ணி நாயைக் கொல்லும் செயலாகவும் அது முடிந்துவிடும்.

நாய் தேய்க்காதிருப்பதால் புழு இல்லை என்று எண்ணுவதும் தவறு. இலங்கையின் பழைய பெயரையே தன் பெயரிற் கொண்ட கொழுக்கிப்புழு ஒன்று உண்டு. இங்கே ஒரு புனுகுப்பூனையிலிருந்து எடுக்கப்பட்ட அதனை 1911ஆம் ஆண்டில் லூஸ் என்னும் அறிஞர் விவரித்தார். அது நாயிலும் வாழும். மனிதரின் குடலிலும் முற்றி வளரும். கொழுக்கிப்புழு இரத்தத்தைக் குடித்து முரசை வெளிறச் செய்யுமேயன்றி, பின்புறத்தில் தினவு காட்டுவதில்லை. நாயின் மலம் விழுந்த ஈரமண்ணில் வெறுங்காலுடன் நடப்போரைக் கொழுக்கிப்புழுவின் குடம்பி தோல்வழியே அடையக்கூடும். நாடாப்புழுவும், தொற்றிய தெள்ளைத் தவறுதலாக விழுங்கும் குழந்தையைச் சிலவேளை பற்றும். எனவே முற்றத்து மலத்தை அன்றன்றே அகற்றுதலும், நாயைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதலும் நாய்க்காக மட்டும் செய்யப்படுவன அல்ல.

வைத்தியரிடம் செல்லுமுன் வீட்டார் நோக்கவேண்டியவை சில. நாய் தேய்ப்பது மலவாயையா, கடிப்பது வாலடியையா? வெள்ளைக் கண்டமோ கறுப்புத் துகளோ உண்டா? வீக்கமும் நாற்றமும் ஒருபுறமா, இருபுறமா? எப்போது தொடங்கியது? அண்மையில் உணவு மாறியதா? இந்த நாடாப்புழுவின் முட்டை மலப்பரிசோதனையில் பலமுறை தப்பிவிடுவதால், கண்ட கண்டத்தைச் சிறு போத்தலில் இட்டுக் கொண்டுபோதல் நன்று. நோவுள்ள நாய் தன்னை வளர்த்தவரையும் கடிக்கும். ஆதலின் பின்புறத்தைப் பார்க்குமுன் மென்துணியால் வாயைக் கட்டுக. மூச்சுவிட இடர்ப்படும் நாயாயின் அதுவும் வேண்டாம். கடித்துவிட்டால் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்க. விசர்நாய்க்கடித் தடுப்பூசியை ஆண்டுதோறும் நாய்க்கு இடுவித்தல் எல்லாவற்றுக்கும் முந்திய கடமை.

ஒருமுறை பொறுமையாகப் பார்த்தறிந்த காரணம், கண்டபடி வாங்கிய பத்து மருந்துகளின் செலவை மிச்சப்படுத்தும். இரவிலே படலையைக் காத்து நிற்கும் பிராணிக்கு, வீட்டார் பகலிலே செலவிடும் அந்தச் சிறிதுநேரம் அதற்கு உரிய கூலியேயாகும்.