இரவு வானின் அகச்சிவப்பும் ஈய சல்ஃபைடு நானோ படிகங்களும்

தாமிரபரணி கொற்கையை நோக்கி இறங்கும் படுகையில், சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற கிருஷ்ணாபுரத்தில், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று இயங்கிவருகிறது. காந்த நடுக்கோட்டை ஒட்டிய அவ்விடத்தில், நிலவற்ற இரவுகளில், ஏறத்தாழ 87 கிலோமீட்டர் உயரத்தில் ஹைட்ரஜன் அணுவும் ஓசோனும் வினைபுரிவதால் தோன்றும் ஹைட்ராக்சில் மூலக்கூறுகளின் ஒளிர்வு பதிவுசெய்யப்பட்டு, அதிலிருந்து மேல்வளிமண்டலத்தின் வெப்பநிலையும் அங்கு எழும் அலைகளின் போக்கும் கணிக்கப்படுகின்றன.

இவ்வொளிர்வின் செறிந்த பகுதி 1.5 மைக்ரானுக்கு அப்பாலுள்ள அகச்சிவப்பில் அமைய, ஒளிப்படக் கருவிகளில் வழக்கமாக இடம்பெறும் சிலிக்கனோ 1.1 மைக்ரானோடு நின்றுவிடுகிறது. குறைகடத்தியில் எலக்ட்ரானை விடுவிக்கத் தேவையான குறைந்த அளவு ஆற்றல் ‘ஆற்றல் இடைவெளி’ எனப்படும். அதனினும் ஆற்றல் குறைந்த ஒளி அப்பொருளில் எத்தடமும் பதிக்காமல் கடந்துவிடுவதால், சிலிக்கனை நம்பிய கருவிக்கு எட்டுவது இவ்வொளிர்வின் மங்கிய ஓரமே. இண்டியம் காலியம் ஆர்சனைடு இக்குறையைத் தீர்க்கும் என்றாலும், அதைத் தனித் தளத்தில் படிகமாக வளர்த்து, சிலிக்கன் சில்லோடு புள்ளிக்குப் புள்ளி இணைக்க வேண்டியிருப்பதால் விலை ஏறிவிடுகிறது.

இங்குதான், தனியே வளர்த்து இணைக்காமல் கரைசலாகவே மலிவாகப் பூசக்கூடிய ஈய சல்ஃபைடு கவனம் பெறுகிறது. கலீனா என்னும் தாதுவாகக் கிடைக்கும் இப்பொருளைக் கொண்டு மின்காந்த அலைகளை உணர்ந்த ஜகதீச சந்திர போஸ் 1901இல் விண்ணப்பித்த அமெரிக்கக் காப்புரிமை 1904இல் வழங்கப்பட்டது. பெரிய படிகமாக இருக்கையில் அதன் ஆற்றல் இடைவெளி 0.41 எலக்ட்ரான்வோல்ட், அதாவது, அது 3 மைக்ரான் வரை ஒளியை உணரும். படிகத்தைச் சில நானோமீட்டருக்குக் குறுக்கினால், உள்ளே அடைபட்ட எலக்ட்ரானின் ஆற்றல் உயர்ந்து இடைவெளி விரிகிறது: சுமார் 3 நானோமீட்டர் விட்டமுள்ள படிகம் 0.9 மைக்ரானை ஒட்டியும், 6 நானோமீட்டர் படிகம் 1.6 மைக்ரானை ஒட்டியும் ஒளியை உட்கவர்கிறது. வேதிப்பொருள் மாறாமலே, அளவை மாற்றித் தேவையான அலைநீளத்தைப் பெறலாம்.

எனினும் அளவைவிட மேற்பரப்பே கடினமான சிக்கல். கரைசலில் வளரும் இப்படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதபடி ஓலியிக் அமிலத்தின் நீண்ட மூலக்கூறுகள் அவற்றை எண்ணெய் பூசியதுபோல் மூடியிருக்கின்றன. கரைசலுக்கு அரணாகும் அப்போர்வையே, படலமாகப் பூசியபின் ஒரு படிகத்திலிருந்து அடுத்ததற்கு மின்னூட்டம் தாவ விடாமல் தடுக்கிறது. டொராண்டோ பல்கலைக்கழகக் குழுவினர் நீண்ட மூலக்கூறுகளுக்குப் பதிலாகக் குறுகியவற்றை அமர்த்தி, கரைசலிலிருந்தே பூசிய உயர்திறன் உணரியை 2006இல் வெளியிட்டது இத்துறையின் திருப்புமுனை எனத் தகும்.

குறுகிய போர்வையுள்ள படிகங்கள் காற்றில் எளிதில் ஆக்சிசனேற்றம் அடைவதாலும், ஒளியே படாதபோதும் வெப்பத்தால் ஓடும் இருள் மின்னோட்டம் மங்கலான ஒளியின் குறிப்பை மூழ்கடிப்பதாலும், இரவு முழுதும் வானைக் கண்காணிக்கும் பணிக்குக் காற்றுப் புகாத உறையும் குளிர்விப்பும் இன்றியமையாதவை. பூச்சின் மலிவைப் பேசுவோர் இவற்றின் செலவையும், ஈயம் நச்சு என்பதால் கழிவைக் கையாள ஆகும் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.