விடுமுறையும் ஆய்வுக்கூடமும்



மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காத பிள்ளை உயிரியல் பட்டப்படிப்பில் சேர்ந்தால், "வெறும் பி.எஸ்ஸி.தானா?" என்று நாம் பெருமூச்சு விடுகிறோம். பள்ளியிறுதியோடு நின்று, ரயில்வேயில் எழுத்தர் பணி புரியும் நாம் கல்லூரிக் கல்வியைப் பற்றிப் பேசுவது மிகையாகத் தோன்றலாம். ஆயினும் பெற்றோர் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறோம்.

செம்பூருக்கு அடுத்தது கோவண்டி, அதற்கடுத்தது மான்குர்து. அங்கே ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது. இளங்கலை மாணவர் விடுமுறையில் ஆராய்ச்சி பழகுவதற்கென 2004-ஆம் ஆண்டு அங்கே ஒரு திட்டம் தொடங்கப்பெற்றது. உயிரியலும் அதில் அடங்கும். கொலாபாவில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், பாபாவின் அழைப்பை ஏற்று, ஒபைத் சித்திக்கி 1962-இல் மூலக்கூறு உயிரியல் பிரிவை நிறுவினார். பழ ஈயின் மோப்பத்தையும் சுவையையும் ஆராய்ந்து புகழ் எய்தினார்.

ஈயில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அது முட்டையிலிருந்து முழு ஈயாவதற்கு ஏறத்தாழ 10 நாட்களே ஆகும். ஆகவே இரண்டு மாத விடுமுறைக்குள் மாணவன் சில தலைமுறைகளைக் கண்டுவிடலாம். சீசா கழுவுதல், உணவு காய்ச்சுதல், ஈக்களை எண்ணுதல், எண்ணியதைக் குறித்தல்: இவையே அன்றாட வேலை. குறிப்பேட்டில் எதையும் அழித்தெழுதலாகாது. அடித்துவிட்டு, அடித்தது தெரியும்படி அருகில் எழுத வேண்டும். அலுவலகப் பதிவேட்டின் விதியும் அதுவேயன்றோ! எதிர்பார்த்தது வராவிடினும் வந்ததையே எழுதும் நேர்மையை எந்தப் பாடநூலும் இவ்வளவு தெளிவாகக் கற்பிக்காது.

பெண்மக்களைப் பெற்றோர்க்கு ஒரு சொல். 1933-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற கமலா, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஆராய்ச்சிக்கு விண்ணப்பித்தார். பெண் என்பதால் இடம் மறுத்தவர், நாம் பெருமையோடு பேசும் சர் சி. வி. ராமனே. கமலா விடவில்லை, ஓராண்டுச் சோதனைக் காலம் என்ற நிபந்தனையை ஏற்று உள்ளே நுழைந்தார். 1939-இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் கமலா சொஹோனி என்ற பெயரோடு இம்மாநகரின் விஞ்ஞான நிலையத்துக்கு இயக்குநரானார். நம் பதநீரை ஒத்த நீராவின் ஊட்டச்சத்தையும் ஆராய்ந்தார். ராமனுக்கே நேர்ந்த பிழை நம் இல்லங்களில் நேரலாமா?

ஆகவே, மே மாதத்தில் ஊருக்குப் பயணச்சீட்டு எடுக்குமுன், கல்லூரியில் பயிலும் மகனையோ மகளையோ ஒரு வார்த்தை கேளுங்கள். ஆய்வுக்கூடத்துக்குப் போக விரும்பினால், உதவித்தொகை எவ்வளவு என்று கேளாமல் அனுப்பி வையுங்கள். பாட்டி வீட்டுக்கு அடுத்த விடுமுறையிலும் போகலாம்.