அயல் மாநிலத்தில் அடுக்களைச் செலவு

மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவிடும் குடும்பங்களில் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் நம் விருப்பப்படி குறைவன அல்ல. கேட்ட தொகையைக் கொடுத்தே தீரவேண்டும். நம் கைக்கு அடங்கிய பெரிய செலவு ஒன்று உண்டென்றால், அது வாரந்தோறும் வீட்டுக்கு வந்து சேரும் மளிகையும் காய்கறியும் பாலுமேயாகும். தமிழ்நாட்டைவிட்டு வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இந்தச் செலவில் தனியானதொரு சிக்கல் இருக்கிறது. அதனைப் பற்றியே இன்று நேயர்களுடன் சிறிது பேச விரும்புகிறோம்.

நம்மில் பெரும்பாலோர் ஒரு சம்பளத்தில் இரண்டு வீடுகளைக் காப்பவர்கள். இங்குள்ள வீடு ஒன்று. ஊரில் தாய் தந்தையர் இருக்கும் வீடு மற்றொன்று. இங்கே மளிகைக் கணக்கு ஏறினால் அங்கே மருந்துக்கு அனுப்பும் பணம் தாமதப்படுகிறது. செலவைச் சுருக்கவேண்டும் என்ற பேச்சு எழுந்ததும் பல வீடுகளில் முதலில் சுருங்குவது எது தெரியுமா? எல்லாரும் உண்டபின் கடைசியாக உண்ணும் இல்லத்தரசியின் பங்குதான். அடுத்தபடியாகக் குழந்தைகளின் பாலும் பழமும். இதனைச் சிக்கனம் என்று சொல்லுதல் தகாது. ஒருவர் வயிற்றில் மிச்சம் பிடித்து வேறொரு கணக்கில் வரவு வைப்பது சேமிப்பாகாது. ஊட்டம் குறையாமல் செலவு குறையவேண்டும். அதற்கு வழி உண்டா என்பதே கேள்வி.

செலவு எங்கே போகிறது என்று முதலில் பார்ப்போம். மத்திய அரசின் 2023-24ஆம் ஆண்டுக் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, நகர மக்கள் செலவிடும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஏறக்குறைய 40 ரூபாய் உணவுக்குச் செல்கிறது. அதில் 11 ரூபாய் பானங்கள், சிற்றுண்டிகள், பதப்படுத்திய உணவுகள் ஆகியவற்றுக்கு உரியது. அரிசி, கோதுமை முதலிய தானியங்களுக்கு ஆவதைவிட இது மிகுதி. ஆகவே சோற்றைக் குறைத்து மிச்சம் பிடிக்க முயல்பவர் தவறான இடத்தில் தேடுகிறார். பொட்டலத்தில் அடைத்த வறுவலும், பாட்டிலில் வரும் பானமும், ஆயத்தமாக அரைத்து விற்கும் இட்லி மாவுமே முதலில் கணக்குப் பார்க்கத் தக்கவை. ஒரு கிலோ அரிசியும் கால் கிலோ உளுந்தும் வீட்டில் அரைத்தால் ஏறத்தாழ மூன்று கிலோ மாவு கிடைக்கும். கடையில் மூன்று கிலோ மாவுக்குக் கொடுக்கும் விலையோடு இதை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தவர் மறுபடியும் பொட்டலத்தைத் தேடமாட்டார். வடக்கே குளிர்காலத்தில் மாவு புளிக்காது என்று குறைப்படுவோர், பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வைத்து, சில மணி நேரம் கூடுதலாகக் காத்திருந்தால் போதும்.

இனி நமக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். ஊரில் எளிதாகக் கிடைத்த பொருளையே இங்கும் தேடுகிறோம். முருங்கைக்காய், சின்ன வெங்காயம், தேங்காய், வாழைக்காய், பொன்னி அரிசி எனப் பட்டியல் நீள்கிறது. இவை தில்லிக்கு வர ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் பயணம் செய்யவேண்டும். வழியில் வாடியதற்கும் அழுகியதற்கும் சேர்த்தே நாம் விலை கொடுக்கிறோம்.

நாம் செய்யும் தொழில் மொழிபெயர்ப்பு. ஒரு பக்கத்தை மொழிபெயர்க்கும்போது பெரும்பாலான சொற்களுக்கு இம்மொழியிலேயே நல்ல சொல் கிடைத்துவிடும். சிலவற்றை மட்டும் அப்படியே விட்டுவைக்கிறோம். எல்லாவற்றையும் அப்படியே வைத்தால் படிப்பவர்க்குப் புரியாது. ஒன்றையும் விடாமல் மாற்றினால் மூலத்தின் மணம் போய்விடும். அடுக்களைக்கும் இதே முறை பொருந்தும். வாழும் ஊர் எளிதாகத் தருவதை அதன் பருவத்தில் வாங்குவோம். சுவைக்கு உயிராக உள்ள சிலவற்றை மட்டும் ஊரிலிருந்து கொணர்வோம்.

தில்லியையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இங்குள்ள கடைகளில் ‘சேலா’ என்று விற்கப்படுவது வேறொன்றுமன்று, நம் புழுங்கலரிசிதான். பாசுமதி அல்லாத பருமனான சேலா இட்லிக்கு நன்றாகவே உதவும். ‘பர்மல்’ என்னும் பச்சரிசி அன்றாடச் சோற்றுக்குப் போதும். குளிர்காலத்தில் ராஜஸ்தானிலிருந்தும் ஹரியாணாவிலிருந்தும் வந்து குவியும் ‘பாஜ்ரா’ நம் கம்பேயாகும். அழகிய உறையிலிட்ட சிறுதானிய மாவை உயர்ந்த விலைக்கு வாங்குவதைவிட, இக்கம்பை வாங்கி, மாவரைக்கும் சக்கியில் கொடுத்து அரைத்து, தோசையாகவோ கூழாகவோ செய்து உண்ணலாம்.

பருப்பிலும் இவ்வாறே. துவரம்பருப்பு விலையேறிய காலங்களில் சாம்பாருக்குப் பாதி துவரையும் பாதி மசூரும் சேர்த்து வேகவைத்தால் சுவையில் பெரிய வேறுபாடு தெரியாது. கூட்டுக்குப் பாசிப்பருப்பே பொருத்தமானது. மத்திய அரசு ஊழியர்களுக்காக 1963இல் தொடங்கப்பட்ட கேந்திரிய பண்டார் கடைகளிலும் விலையை விசாரித்தல் நன்று. 2023 ஜூலையில் ‘பாரத்’ என்னும் பெயரில் கடலைப்பருப்பைக் கிலோ 60 ரூபாய்க்கு அரசு விற்கத் தொடங்கியபோது இக்கடைகளிலும் அது கிடைத்தது. அத்தகைய விலைகள் பின்னர் மாறுவதுண்டு. ஆகையால் கேட்டறிந்து வாங்கவேண்டும்.

காய்கறிக் கடையில் நமக்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் பெயர்தான். தில்லியில் ‘சீதாபல்’ என்று கூவி விற்பதைக் கேட்டுச் சீதாப்பழம் என்று ஓடிச்சென்றவர் அங்கே பரங்கிக்காயைக் காண்பார். பேட்டா என்பது வெண்பூசணி. மோர்க்குழம்புக்கு அதைவிடச் சிறந்த காய் உண்டோ? லௌகி என்பது சுரைக்காய். சௌலாயி என்பது நம் முளைக்கீரையின் இனம். கோடையில் இவையெல்லாம் மலிவு. மார்கழி, தை மாதங்களில் முள்ளங்கி, காரட், பச்சைப்பட்டாணி, வெந்தயக்கீரை, பதுவாக்கீரை ஆகியவை குவிந்து கிடக்கும். அப்பொழுது முள்ளங்கிச் சாம்பாரும் பட்டாணிப் பொரியலும் செய்யாமல், வாடிய முருங்கைக்காய்க்கு மும்மடங்கு விலை கொடுப்பானேன்?

மற்ற நகரங்களில் உள்ளவர்கள் தங்கள் ஊருக்கேற்ப இப்பட்டியலை மாற்றிக்கொள்ளவேண்டும். கொல்கத்தாவில் புழுங்கலரிசி அன்றாட உணவு. வாழைப்பூவும் வாழைத்தண்டும் அங்கே எளிதாகக் கிடைக்கும். மும்பையில் கோலம் அரிசியும் சோளமும் உண்டு. முருங்கைக்காயும் அங்கு அரிதன்று. ஆகவே தில்லித் தமிழருக்கு ஆடம்பரமானது கொல்கத்தாத் தமிழருக்குச் சிக்கனமாக அமையலாம். ஊரைக் கேட்டு உலை வைப்பதே முறை.

அப்படியானால் விட்டுக்கொடுக்கக் கூடாதவை எவை? புளி, மிளகாய், சாம்பார்ப் பொடி, அப்பளம், வடாம் ஆகியவற்றைச் சொல்லலாம். இவை எளிதில் கெடாதவை. எடைக்கு மிஞ்சிய சுவை தருபவை. மே, ஜூன் மாத விடுமுறையில் நாம் ஊர் செல்லும்போது அவ்வாண்டின் புதுப்புளி சந்தைக்கு வந்திருக்கும். கொட்டையும் நாரும் நீக்கி, உப்பிட்டுச் சாடியில் அடைத்தால் ஆண்டு முழுவதற்கும் ஆகும். இரயிலில் படுக்கை வகுப்புப் பயணி ஒருவர் 40 கிலோ வரை கட்டணமின்றிப் பொருள் கொண்டுவரலாம். தேங்காயை அறவே விடவேண்டுவதில்லை. குழம்புக்கும் பொரியலுக்கும் சிறிது வைத்துக்கொண்டு, சட்டினிக்கு நிலக்கடலையோ பொட்டுக்கடலையோ பயன்படுத்தினால் வாரத்துக்கு ஒரு தேங்காய் போதும்.

இனி வாங்கும் முறை. தில்லிச் சந்தைகளில் காய் விலையைப் பெரும்பாலும் ‘பாவ்’ கணக்கில் சொல்வார்கள். பாவ் என்றால் கால் கிலோ. ‘இருபது’ என்று வண்டிக்காரர் சொன்னது கிலோவுக்கென்று எண்ணி ஒரு கிலோ நிறுக்கச் சொன்னால் 80 ரூபாய் கொடுக்க நேரும். ஆகையால் ‘கிலோ என்ன விலை?’ என்று கேட்பதைப் பழக்கமாக்கிக் கொள்ளவேண்டும். வாரச் சந்தை கூடும் நாளில், கடை கட்டும் இரவு நேரத்தில் சென்றால் விலை இறங்கியிருக்கும். ஆயினும் மலிவு என்பதற்காக மூன்று நாளில் வாடிவிடும் கீரையை நான்கு கட்டு வாங்குவது செலவே.

பொட்டலப் பொருள்களில் அச்சிட்ட அதிகபட்ச விலை என்பது உச்சவரம்பு மட்டுமே; அதற்குக் குறைவாக விற்கத் தடையில்லை. ஒரே பொருளுக்கு இரண்டு கடைகளில் விசாரித்தால் இது விளங்கும். 2024 ஜனவரி முதல் பொட்டலத்தின்மேல் அலகு விலையும் குறிக்கப்படுகிறது. ஒரு கிலோவுக்கு உட்பட்டால் கிராமுக்கு இவ்வளவு என்றும், மேற்பட்டால் கிலோவுக்கு இவ்வளவு என்றும் அது இருக்கும். அதனைப் படிக்கவேண்டும். 200 கிராம் 30 ரூபாய், 500 கிராம் 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெரியதே மலிவு என்று கை தானாக நீளும். ஆனால் சிறியதில் கிராமுக்கு 15 காசு. பெரியதில் 16 காசு. எண்ணெய் வாங்கும்போது லிட்டரா கிலோவா என்று பார்க்கவேண்டும். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை ஏறத்தாழ 910 கிராம்தான். மேலும் உறையிட்டுப் பெயரிட்டு விற்கும் அரிசி, பருப்பு, மாவு ஆகியவற்றுக்கு, 25 கிலோ வரையிலான பொட்டலமாயின், 2022 ஜூலை 18 முதல் 5 சதவிகித வரி விதிக்கப்பட்டது. மூட்டையைப் பிரித்து நிறுத்துக் கொடுக்கும் உதிரிச் சரக்குக்கு அவ்வரி இல்லை. சுத்தமான கடையில் உதிரியாக வாங்குவது இவ்வகையில் ஆதாயம். எடையிலோ விலையிலோ முறைகேடு கண்டால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

பாலில் கை வைக்கவேண்டாம் என்று முன்பே சொன்னோம். ஆனால் அதன் விலையில் கை வைக்கலாம். தில்லியில் 1974இல் தொடங்கப்பட்ட மதர் டெய்ரி சாவடிகளில் பாத்திரம் கொண்டுசென்று வாங்கும் டோக்கன் பால், அதே வகை உறைப்பாலைவிட விலை குறைந்தது. தயிரை வீட்டில் உறையூற்றினால் மேலும் மிச்சமாகும்.

கட்டடப் பணியிலும் துப்புரவுப் பணியிலும் ஈடுபட்டுள்ள நம் சகோதரர்கள் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. ‘ஒரே நாடு, ஒரே ரேஷன் கார்டு’ திட்டம் 2019இல் சில மாநிலங்களில் தொடங்கி, 2022 ஜூனில் நாடு முழுவதும் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் முன்னுரிமைக் குடும்ப அட்டையோ அந்த்யோதயா அட்டையோ உள்ளவர்கள், ஆதார் எண் இணைந்திருந்தால், தாங்கள் இருக்கும் ஊரிலேயே நியாயவிலைக் கடையில் தானியம் பெறலாம். 2023 ஜனவரி முதல் இத்தானியம் இலவசமாகவே வழங்கப்படுகிறது. இங்குள்ளவர் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ள, ஊரில் உள்ள குடும்பத்தார் அதே அட்டையில் எஞ்சியதை வாங்கலாம். தமிழ்நாடு அரசு தனியே தரும் பருப்பும் எண்ணெயும் மட்டும் இங்கே கிடைக்கமாட்டா. இவ்வுரிமையை அறியாமல் தினக்கூலியில் அரிசி வாங்குவோர் நம் அண்டையில் இருந்தால், எடுத்துச் சொல்வது நம் கடமை.

நேயர்கள் நான்கு வாரங்களுக்கு ஒரு நோட்டில் கணக்கெழுதிப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். இங்கேயே விளைந்தது, ஊரிலிருந்து வந்தது, பொட்டலத்தில் அடைத்தது என மூன்று பத்தி போதும். மூன்றாம் பத்தி சுருங்கி, இரண்டாம் பத்தி அளவோடு நின்றால், முதற்பத்தியில் பாலுக்கும் பழத்துக்கும் தாராளமாக இடம் கிடைக்கும். வாரத்துக்கு 300 ரூபாய் குறைந்தாலே ஆண்டுக்கு 15,600 ரூபாயாகும். ஆனால் குறைந்த தொகையை அன்றே தனியே எடுத்து வைக்கவேண்டும். இல்லையேல் அது வந்த வழியும் தெரியாது, போன வழியும் தெரியாது. அத்தொகை ஊரில் ஒரு முதியவரின் கண் சிகிச்சைக்கு ஆகலாம். இங்கே ஒரு மகளின் கல்லூரிக் கட்டணத்தில் சேரலாம். யாருடைய தட்டிலும் குறைவு இல்லாமல் அது சேர்ந்தது என்றால், அந்த வீட்டின் கணக்கு நேர்மையான கணக்கு.