தக்கை தந்த சொற்கள்

பாட்டில் மூடியாகவும் இறகுப்பந்தின் அடிப்பாகமாகவும் நாம் பார்க்கும் தக்கை, ஒரு வகை ஓக் மரத்தின் பட்டை. உலகத் தக்கையில் ஏறக்குறையப் பாதி போர்ச்சுகலில் கிடைக்கிறது.

ஆங்கிலத்தில் அது ‘கார்க்’. அதைப் பிடுங்கும் திருகு ‘கார்க்ஸ்க்ரூ’. வெளியில் வாங்கிய ஒயினை உணவகத்துக்குக் கொண்டுபோனால் அங்கே கேட்கும் கட்டணம் ‘கார்க்கேஜ்’. தக்கையால் வாசனை கெட்ட ஒயின் ‘கார்க்டு’. அயர்லாந்தின் கார்க் நகரம் மட்டும் இந்த உறவில் சேராது; அந்தப் பெயர் சதுப்பு நிலத்தைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லிலிருந்து வந்தது.

1665-ல் வெளிவந்த தம் நூலில், தக்கைச் சீவலை நுண்ணோக்கியில் பார்த்ததை ராபர்ட் ஹூக் எழுதினார். அதில் தெரிந்த சின்னச் சின்ன அறைகளுக்கு அவர் வைத்த பெயர்தான் ‘செல்’. நம் பிள்ளைகள் உயிரியலில் படிப்பது அதைத்தான்.

பட்டைக்காக மரத்தை வெட்டுவதில்லை. சுமார் 25 வயதில் முதல் உரிப்பு; பிறகு 9 ஆண்டுக்கு ஒருமுறை. பாட்டிலுக்கு ஏற்ற தரம் மூன்றாம் உரிப்பில்தான் வரும். அதற்குள் மரத்துக்கு 40 வயது தாண்டிவிடும். நட்டவரைவிட அவர் பிள்ளைகளுக்கே பலன். பிளாஸ்டிக் மூடி வந்து தக்கையை வாங்க ஆளில்லாமல் போனால், அந்த மரங்களை யார் காப்பாற்றுவார்கள்?

அடுத்த முறை ஒரு தக்கையைப் பார்த்தால், பிள்ளைகளுக்கு அந்த மரத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.