சனிக்கிழமை தோறும் ஓர் ஆட்டம்



2024ஆம் ஆண்டு ஒக்டோபர் 20ஆம் திகதி, நியூயோர்க்கில் அமெரிக்க மகளிர் கூடைப்பந்தாட்ட லீக்கின் இறுதித் தொடர் ஐந்தாவது ஆட்டத்துக்கு வந்து நின்றது. நியூயோர்க் லிபேர்ட்டிக்கு இரண்டு வெற்றி, மினசோட்டா லின்க்ஸுக்கு இரண்டு வெற்றி. கடைசி ஆட்டமும் சமநிலையாகி மேலதிக நேரம் வரை போய், 67க்கு 62 என்று லிபேர்ட்டி வென்றது. 1997இல் இந்த லீக்கின் முதல் ஆட்டத்திலேயே ஆடிய அணி இது. அதற்கு முன்பு ஐந்து தடவை இறுதிக்கு வந்து ஐந்திலும் தோற்றிருந்தது.

இறுதித் தொடரின் சிறந்த வீராங்கனையாகத் தெரிவானவர் ஜொன்குவெல் ஜோன்ஸ். பஹாமாஸ்காரி. அந்தத் தீவுகள் எல்லாவற்றினதும் சனத்தொகை நமது மாத்தளை மாவட்டத்தின் சனத்தொகையை விடக் குறைவு. சின்ன இடத்தில் பிறந்தவள் பெரிய ஆட்டக்காரி ஆக முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு நான் இவரைத்தான் காட்டுவேன்.

அந்தப் பருவத்தில் 12 அணிகள் ஆடின. ஒவ்வோர் அணிக்கும் 40 ஆட்டங்கள். மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை, நடுவில் ஒலிம்பிக்குக்காக ஓர் இடைவெளி. லாஸ் வேகாஸ் அணியின் ஏஜா வில்சன் 1,021 புள்ளிகள் எடுத்தார். ஒரே பருவத்தில் ஆயிரத்தைத் தாண்டிய முதல் பெண் அவர்தான். வருடத்துக்கு நாலைந்து ஆட்டம் மட்டும் கிடைக்கும் ஒருத்தியிடம் அப்படியொரு திறமை இருந்தாலும் அது வெளியே தெரிய வழியில்லை. இன்றைக்குத் தோற்றால் மூன்று நாளில் மறுபடி இறங்கலாம் என்ற நிலைதான் ஆட்டக்காரியை வளர்க்கிறது.

அங்கேயும் எல்லாம் சுகமாகக் கிடைத்துவிடவில்லை. அந்த வருடம் அரங்குகளை நிரப்பிய புதுமுகம் கெயிட்லின் கிளார்க்கின் முதல் வருடச் சம்பளம் 76,535 டொலர். ஆண்கள் லீக்கில் உட்கார்ந்திருக்கும் மாற்று வீரருக்கும் அதைவிடப் பல மடங்கு கிடைக்கும். சம்பளம் போதாமல் பலர் குளிர்காலத்தில் ரஷ்யா, துருக்கி, சீனா என்று ஆடப் போனார்கள். அப்படி ரஷ்யாவுக்குப் போன பிரிட்னி கிறைனர் 2022 பெப்ரவரியில் கைதாகி, டிசம்பரில்தான் விடுதலையானார். இத்தனைக்கும் நடுவில் அந்தப் பெண்கள் லீக்கை விடவில்லை, லீக்கும் அவர்களை விடவில்லை.

இப்போது நம் பக்கம் வருவோம். நாவுல சந்தியைக் கடக்கும் ஏ9 வீதி வடக்கே போய் யாழ்ப்பாணத்தில் முடிகிறது. அந்த மண்ணில் பிறந்தவர்தான் தர்ஜினி சிவலிங்கம். ஆறடி பத்து அங்குலம். வலைப்பந்தாட்டத்தில் இலங்கைக்காக இவர் கையுயர்த்தி நின்றால் பந்து அந்தக் கைக்கே போகும். 2009இல் ஆசியக் கிண்ணம் வந்தது. ஒன்பது வருடம் கழித்து 2018இல் சிங்கப்பூரில் மறுபடி வந்தது. 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் 348 கோல்கள் போட்டார். அந்தப் போட்டியில் வேறு எவரும் அவ்வளவு போடவில்லை. இலங்கை அணி பட்டியலில் கீழே இருந்தபோது போட்ட கோல்கள் அவை என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். கழக ஆட்டம் ஆட அவர் அவுஸ்திரேலியாவுக்குப் போக வேண்டியிருந்தது.

கேரளத்து கீத்து அன்னா ஜோஸும் மெல்பேர்னில் ரிங்வூட் ஹோக்ஸ் கழகத்துக்குக் கூடைப்பந்து ஆடினார். 2011இல் அமெரிக்க லீக்கின் மூன்று அணிகள் அவரைத் தேர்வுக்கு அழைத்தன. ஊரில் அவருக்குச் சோறு போட்டது தென்னக ரயில்வே வேலை. சென்னையின் கூடைப்பந்து வீராங்கனை அனிதா பால்துரைக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவரும் அதே ரயில்வேக்காரர்தான். இலங்கையில் வங்கிகளும் முப்படைகளும் ஆட்டக்காரிகளை அப்படித் தாங்குகின்றன. அந்த நிறுவனங்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த வேலை கிடைக்கும் வரை ஒரு பிள்ளை எங்கே ஆடுவாள்?

நம் பாடசாலைகளில் பதினைந்து வயதில் நன்றாக ஆடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கோட்டம், வலயம், மாகாணம் என்று போட்டிகள் வருகின்றன. இரண்டு நாளில் முடிகின்றன. பிறகு சாதாரண தரப் பரீட்சை, டியூஷன். பாடசாலையை விட்டதும் சப்பாத்து மூலைக்குப் போகிறது. பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆட்டத்தை நம்பி இருக்க அந்தப் பிள்ளைக்கு நாம் எதைக் காட்டினோம்?

ஆகவே ஒரு யோசனை சொல்கிறேன். மாத்தளை, உக்குவளை, றத்தோட்டை, நாவுல, தம்புள்ளை, கலேவெல. ஆறு ஊர், ஆறு அணி. பாடசாலையை விட்ட பெண்களும் சேரலாம். ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்தோடு இரண்டு தடவை ஆடினால் பத்துச் சனிக்கிழமைகள். பஸ் செலவு, இரண்டு நடுவர்களுக்குக் கொடுப்பனவு, ஆடும் பெண்ணுக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கையில் ஒரு தொகை. தொகை சிறிதாக இருந்தாலும் அதைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். பிரதேச சபையும், நகரத்துக் கடைக்காரர்களும், தம்புள்ளை மரக்கறி வியாபாரிகளும் சேர்ந்தால் முடியாத காரியமா? முதல் வருடம் வலைப்பந்தோடு தொடங்கலாம். அதற்கு மைதானமும் ஆட்களும் ஏற்கெனவே இருக்கின்றன.