தீவுக்கும் அலைகல் வேண்டும்



திருச்சுழியில் குண்டாற்றுப் பாலத்தின் மேல் நின்று பார்க்கிறவருக்குக் கடல் ஞாபகம் வர நியாயமில்லை. மழைக்காலம் போக மற்ற மாதங்களில் அங்கே கண்ணுக்குத் தெரிவது மணலும் சீமைக்கருவேலமும்தான். ஆனால் அந்த ஆறு கமுதி தாண்டி, சாயல்குடிப் பக்கம் மூக்கையூரில் மன்னார் வளைகுடாவில்தான் போய்ச் சேருகிறது. நம் கரிசல் காட்டில் பெய்கிற மழையில் கண்மாய்கள் குடித்தது போக மிஞ்சியது போகிற இடம் அது. அந்தக் கடலைப் பற்றித்தான் இன்று பேச்சு.

தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை கரையை ஒட்டியே வரிசையாகச் சின்னச் சின்னத் தீவுகள். 1986இல் இவற்றையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989இல் இன்னும் அகலமாக, 10,500 சதுர கிலோமீட்டர், உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. மொத்தம் 21 தீவுகள் என்று புத்தகங்களில் இன்றைக்கும் போடுகிறார்கள். அதில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன.

ஏன் போயின? கடல்மட்டம் உயர்ந்ததால் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டால் நமக்கெல்லாம் நிம்மதி, பழி எங்கோ தூரத்தில் போய் விழும். நடந்தது வேறு. இந்தத் தீவுகளைச் சுற்றிக் கடலுக்கடியில் பவளப்பாறைகள் இருக்கின்றன. சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லுக்காகவும் பல பத்தாண்டுகள் அவற்றை வெட்டி வெட்டிப் படகில் ஏற்றினோம்.

கண்மாய்க் கரையின் உட்புறம் அலைகல் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கண்மாய் நிறைந்து காற்றடிக்கும்போது அலை நேராகக் கரைமண்ணில் மோதாமல் அந்தக் கல் தாங்கிக்கொள்ளும். கல்லைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுபோனால் கரை அன்றைக்கே உடையாது. இரண்டு மூன்று மழைக்காலம் கழித்து உடையும். தீவுக்குப் பவளப்பாறை செய்து வந்தது அந்த வேலைதான். 2001இல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். சட்டத்தின் கெடுபிடியும் 2004 சுனாமி தந்த பயமும் சேர்ந்துதான் வெட்டுவது நின்றது. அதற்குள் அலைகல் பல இடங்களில் போயிருந்தது. கடல் கொஞ்சம் உயர்ந்தாலும், அலை கொஞ்சம் பலமானாலும், தாங்க ஆளில்லை.

தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவைப் பாருங்கள். 1986 வாக்கில் 16 ஹெக்டேர். 2014 வாக்கில் சுமார் 2 ஹெக்டேர். நடுவில் அலை அறுத்து இரண்டு துண்டாகவும் ஆனது. போகட்டும் என்று விட்டிருந்தால் இந்நேரம் மூன்றாவதாக அதுவும் மூழ்கியிருக்கும். பருவநிலை மாற்றத்துக்கு ஈடுகொடுக்கும் பணிகளுக்கென்று மத்திய அரசு வைத்த தேசிய நிதியிலிருந்து மன்னார் வளைகுடாவுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் வந்தது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனமும் சென்னை ஐஐடியும் இதில் வேலை செய்தன. அடி அகன்று மேலே குறுகி, பக்கமெல்லாம் ஓட்டை விட்ட காங்கிரீட் கூடுகளை ஆயிரக்கணக்கில் வார்த்து, 2015 முதல் கடல் பார்த்த பக்கமாக இறக்கினார்கள். ஏன் ஓட்டை? முழுச்சுவராக வைத்தால் அலை மோதித் திரும்பி அடிமண்ணைப் பறிக்கும். ஓட்டை வழியே தண்ணீர் நுழைந்து போகும்போது அதன் வேகம் செத்துவிடுகிறது, கொண்டுவந்த மணலையும் அங்கேயே போடுகிறது. அரிப்பு நின்றது, தீவில் மணல் ஏறத் தொடங்கியது. கூடுகளுக்குள் மீனும் குடியேறிவிட்டது. இப்போது அதே வேலையைப் பக்கத்துக் காரைச்சல்லித் தீவுக்கும் செய்யத் திட்டம் எடுத்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டு, அப்படியானால் காங்கிரீட் போட்டால் தீர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. சூடு என்று ஒன்று இருக்கிறது. பவளம் என்பது கல் அல்ல, உயிர். அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருந்து வெயிலில் சமைத்துப் போடுகிறது. நிறமும் அந்தப் பாசியால் வருவதுதான். கடல்நீர் 30 டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கில் கொதித்தால் பவளம் பாசியை வெளியே தள்ளிவிடும். பிறகு வெளுத்து, பட்டினி கிடந்து, சூடு தணியாவிட்டால் சாகும். 2016 கோடையில் அதுதான் நடந்தது. வளைகுடாவில் உயிருள்ள பவளத்தின் பரப்பு ஏறக்குறைய 39 விழுக்காட்டிலிருந்து 23க்கு இறங்கியது. தேசியப் பூங்கா என்ற பலகையும் ரோந்துப் படகும் படகுக்காரரைத் தடுக்கும், வெந்நீரைத் தடுக்குமா?

தடுக்க முடியாது என்பதால்தான் வேறு வழி தேடுகிறார்கள். நலமாக இருக்கும் பவளத்திலிருந்து விரல் நீளத் துண்டு எடுத்து, சிறு சிமெண்டுப் பலகையில் கட்டி, செத்த இடத்தில் கொண்டுபோய் வைக்கிறார்கள். நம் ஊரில் நாற்று நடுகிற பொறுமை இதற்கு ஆகாது, வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். என் அபிப்பிராயத்தில், சூட்டில் வெளுத்தும் பிழைத்துக்கொண்ட பவளத்தைத் தேடித் தாய்க்கட்டையாக எடுப்பதில்தான் இந்த வேலையின் சூட்சுமம் இருக்கிறது. அழகாகக் கிளைவிடும் மான்கொம்பு வகைதான் சூட்டில் முதலில் விழுகிறது. உருண்டையாக வளரும் வகை கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது.

சூட்டில் நொந்துபோன பவளத்துக்குக் கூடுதல் தொல்லை எதுவும் வராமல் பார்ப்பது இன்னொரு பாதி. பவளப்பாறைமேல் இழுக்கும் வலை, கரையிலிருந்து வரும் சாக்கடை, கலங்கல் தண்ணீர். இந்தக் கடைசியில் மட்டும் நம்மூர்க்காரருக்கும் பங்கு உண்டு. சேறு படிந்தால் பவளம் மூச்சுத்திணறும். ஆற்றுமணலை அள்ளி, வரத்துக்கால்களை அடைத்து, கண்மாயைத் தூர்ந்துபோக விட்டுவிட்டால் ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வெள்ளம் எங்கும் நின்று தெளியாமல் ஒரே ஓட்டமாகக் கடலுக்குப் போகும். கண்மாய் நல்ல நிலையில் இருந்தால் வண்டல் இங்கேயே தங்கும், நம் காட்டுக்கு உரமாகும். திருச்சுழிக்காரர் தன் மிளகாய்க் காட்டுக்காகக் கண்மாயைத் தூர்வாரினாலே போதும், மூக்கையூர்க் கடலுக்கென்று தனியாக அவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை.